'கோர்ட்டிசான்' என்பதற்குக் 'கணிகை': ஒரு முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்ரீபன் பிறியர்ஸ் இயக்கிய 'செரி' (2009) திரைப்படத்தை யாழ்ப்பாணத்தில் எங்கள் வாசகர் வட்டத்தினர் பார்த்தபின், செல்வந்தரின் ஆதரவில் சிறப்பாக வாழ்ந்த பெண்ணைக் குறிக்கும் 'கோர்ட்டிசான்' (courtesan) என்ற சொல்லுக்குத் தமிழில் எதை வழங்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். விலைமாது, தாசி, ஆசைநாயகி, பரத்தை ஆகியவை பரிந்துரைக்கப்பட்டன. அவற்றைப் படத்தோடு பொருத்திப் பார்த்த பிறகு, 'கணிகை' என்பதையே முன்வைக்கிறேன். அன்று பேசியவர்களில் பலர் திரையில் கண்டதைக் காட்டிலும் கையிலிருந்த அறிமுகத் தாளின் சொல்லையே பற்றிக்கொண்டு பேசினார்கள் என்பதால், இந்தத் தெரிவு சிறிய விடயம் அன்று.

அத்தாளில், தன்னைவிட மிக இளையவனான செரியைக் காதலிக்கும் நாயகி லெயா 'வயது முதிர்ந்த விலைமாது' என்று அறிமுகப்படுத்தப்பட்டிருந்தாள். அதைப் படித்துவிட்டு அமர்ந்தவர்கள் ஏழ்மையில் வதங்கும் ஒருத்தியின் வீழ்ச்சியை எதிர்பார்த்தார்கள். திரையிலோ வளைகோடுகளால் ஆன பாரிஸ் மாளிகை, முத்துமாலை, பட்டுடுப்பு, ஏவலாட்கள் என்று செல்வம் நிறைந்திருந்தது. துன்பத்தை மறைத்து அழகைக் காட்டும் படம் என்று சிலர் சினந்தார்கள். உடுப்பையும் தளபாடத்தையும் பார்த்ததே போதும் என்று சிலர் நிறைவடைந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மட்டும், "அந்த மனுசி ஆரிட்டையும் கைநீட்டேல்லை. வீடும் காசும் அவவின்ரை. பிறகேன் விலைமாது எண்டு போட்டிருக்கிறியள்?" என்று கேட்டார். என் வாதத்தின் வேர் அந்தக் கேள்விதான்.

முதல் உலகப் போருக்கு முந்திய பாரிஸில் இப்பெண்கள் செல்வந்தரும் பிரபுக்களும் ஆதரிக்கப் போட்டியிட்ட, பத்திரிகைகள் பின்தொடர்ந்த, சொந்தச் சொத்துடைய புகழ்பெற்றவர்களாக இருந்தார்கள். மேடையில் தோன்றிப் பெயர்பெற்ற லியான் டு பூஜி 1910 இல் ருமேனிய இளவரசர் ஒருவரை மணந்தார். படத்துக்கு மூலமான நாவலைப் பிரெஞ்சு எழுத்தாளர் கொலெற் வெளியிட்டது 1920 இல். போர் அந்த வாழ்க்கையைக் கலைத்துவிட்ட பிறகு. ஆகவே நமக்கு வேண்டிய சொல் ஒரு தொழிலையும், அத்தொழிலுக்குரிய வரிசையையும், தேர்ந்து ஏற்கும் உரிமையையும் சேர்த்துச் சுட்ட வேண்டும். விலைமாது என்பதில் விலை மட்டுமே நிற்கிறது.

தாசி என்பதை நான் உறுதியாக மறுக்கிறேன். அது கோயில் ஊழியத்தோடு பிணைந்த சொல். தமிழ்நாட்டில் 1947 இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட ஒரு முறையையும், நம்மூரில் சின்னமேளம் என்று அறியப்பட்டு ஆறுமுக நாவலர் காலத்திலிருந்தே கண்டிக்கப்பட்ட ஆட்டத்தையும், அவற்றோடு சில குடும்பங்கள் தலைமுறைகளாகச் சுமந்த இழிவையும் அது உடனே நினைவூட்டும். பாரிஸ் சீமாட்டியைச் சுட்டுவதற்கு அந்த வலியை இரவல் வாங்குவது முறையன்று. ஆசைநாயகி ஒருவனை வைத்தே ஒருத்தியைப் பெயரிடுவது; 'வைப்பு' என்ற நம் பேச்சு வழக்குக்குப் பூச்சூட்டியதுபோல.

பரத்தைதான் என்னை நெடுநேரம் தயங்க வைத்தது. மருதத் திணையில் பரத்தை பெரும்பாலும் தலைவியின் ஊடலுக்குக் காரணமாகவே வருகிறாள் என்றாலும், குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் அவளே வாய்திறந்து, தன்னிடம் பெருமை பேசிய தலைவன் வீட்டில் மனைவிக்கு ஆடிப்பாவைபோல் கையும் காலும் தூக்குகிறான் என்று எள்ளுகிறாள். அந்தத் தொனி லெயாவுக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆயினும் பரத்தை என்ற சொல் இன்று வசையாகிவிட்டது. படத்தாளில் அச்சிட்டால் பாட்டை யாரும் நினைக்கமாட்டார்கள்.

கணிகை என்றதும் சிலப்பதிகார மாதவி வருகிறாள். பன்னிரண்டு வயதில் சோழன் முன் அரங்கேறித் தலைக்கோல் பட்டம் பெற்றவள். 1008 கழஞ்சு பொன் பெறுமதியான மாலையை வாங்குபவனே அவளுக்குரியவன் என்று ஒரு கூனி தெருவில் நிற்கிறாள். விலையும் உண்டு, விருதும் உண்டு, பின்னாளில் மனமும் உண்டு. தொழிலைக் கைவிடாத தாய் சித்திராபதியைப் போலவே படத்திலும் செரியின் தாய், முன்னாள் கணிகை, மகனின் திருமணத்தைத் தானே ஏற்பாடு செய்கிறாள். மணமகளும் இன்னொரு கணிகையின் மகள். சிலம்பும் மேகலையும் படித்த பார்வையாளருக்கு இந்த உறவுமுறை விளக்கமின்றியே விளங்கும். வடசொல் என்ற மறுப்புக்கு என் விடை, காப்பிய காலத்திலிருந்து நம்மிடம் வாழும் சொல்லை அயலென்று தள்ள வேண்டியதில்லை என்பதே.

இனி வயது. 'முதிர்கணிகை' என்ற பரிந்துரையை ஏற்க முடியவில்லை. 'முதிர்கன்னி' என்ற சொல் நம் பெண்களுக்குச் செய்த கொடுமை அதில் எதிரொலிக்கும். நாவலில் லெயாவுக்கு 49 வயது, செரிக்கு 25. 1958 இல் பிறந்த மிசெல் பைபர் ஏறத்தாழ அதே வயதில் லெயாவாக நடித்திருப்பதால், முகத்தில் தெரியும் காலம் ஒப்பனையால் வந்ததன்று. எங்கள் வட்டத்தில் சிலர் அவளைக் 'கிழவி' என்றது எனக்கு உவப்பாக இல்லை. அறுபது கடந்த கதாநாயகர்கள் இருபதுகளில் உள்ள நடிகைகளைக் காதலிப்பதை நாம் ஆண்டுதோறும் கேள்வியின்றிப் பார்க்கிறோம். 'மூத்த கணிகை' என்பது போதும். வயதைச் சொல்கிறது, தீர்ப்புச் சொல்லவில்லை.

அறிமுகத் தாளின் 'சரித்திரக் காதல் படம்' என்ற தொடரையும் மாற்ற வேண்டும். சரித்திரம் என்றால் அரசரையும் போரையும் தேடுகிறார்கள். 'அக்காலக் காதல் படம்' என்று எளிமையாக எழுதலாம்.

அடுத்த திரையிடலுக்கான தாளில் 'பாரிஸ் நகரின் மூத்த கணிகை ஒருத்தியின் அக்காலக் காதல் படம்' என்று அச்சிட எண்ணியுள்ளோம். இப்பெண்களின் சமூகத்தைக் குறிக்கும் 'டெமி-மோன்ட்' என்பதற்குக் 'கணிகையர் வட்டம்' என்று வைத்திருக்கிறேன். பிரெஞ்சு அறிந்தவர்கள், குறிப்பாகப் பாரிஸில் வாழும் நம்மவர்கள், அதைவிடச் செறிவான சொல் இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.