இந்தியப் பட்டமும் டெக்சாஸில் படித்த மூன்று பாடங்களும் கலிபோர்னியா கம்யூனிட்டி கல்லூரியில் எந்த அளவுக்குச் செல்லும்?

கொன்றை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் 2008ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில், பல்கலைக்கழக இணைவு பெற்ற ஒரு கல்லூரியில், மூன்றாண்டு பி.எஸ்சி. விலங்கியல் முடித்தேன். திருமணமாகி ஹூஸ்டனுக்கு வந்து, பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, நர்சிங் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இரண்டாண்டுப் படிப்புகளைத் தரும் அங்கிருந்த கம்யூனிட்டி கல்லூரியில் மூன்று பாடங்களைப் படித்தேன். ஆங்கிலக் கட்டுரைப் பாடமான 1301இல் ஏ, புள்ளியியல் 1342இல் சி, உடற்கூறும் உடலியங்கியலும் முதல் பகுதியான 2401இல் பி என்று மதிப்பெண் வந்தது. மூன்றையும் 2022க்குள் முடித்துவிட்டேன். இரண்டாம் பகுதியைத் தொடங்குவதற்குள் கணவருக்கு வேலை மாறி, நாங்கள் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்குக் குடிபெயர்ந்துவிட்டோம்.

இப்போது இங்குள்ள கம்யூனிட்டி கல்லூரியில் இரண்டாண்டு நர்சிங் பட்டத்துக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். இந்தியப் பட்டத்தை, வெளிநாட்டுப் படிப்பை அமெரிக்க முறையில் கணக்கிட்டுச் சொல்லும் மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பி அறிக்கை வாங்கத்தான் வேண்டுமா? எங்கள் காலத்து மார்க் பட்டியலில், பாடத்தின் அளவைக் காட்டும் கிரெடிட் என்ற சொல்லே கிடையாது. தாள், உச்ச மதிப்பெண், பெற்ற மதிப்பெண் ஆகிய மூன்று பத்திகள்தாம். ஹூஸ்டனில் பாதியில் நிற்கும் 2401 இங்கே எதற்காவது உதவுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும், கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இந்தியப் பட்டம் இருப்பதையே சொல்லாமல், புதிய மாணவியைப் போலச் சேர்ந்துவிட்டால் அலைச்சல் குறையும் என்று தோழி ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

மாலைநேர மாணவி எழுதியது:

சகோதரி கொன்றை அவர்களுக்கு வணக்கம். ஏறத்தாழ இதே பாதையில் நடந்து, இப்போது பதிவுபெற்ற செவிலியராகப் பணியாற்றுகிறேன். என்னுடையது உணவு அறிவியல் பட்டம்.

நான் செய்த தவறு, 'எத்தனை கிரெடிட் மாற்றுவார்கள்' என்ற ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆண்டு அலைந்ததுதான். மதிப்பீட்டு அறிக்கை வந்தபோது அதில் 90க்கும் மேற்பட்ட கிரெடிட்டுகள் இருந்தன. அதை எடுத்துக்கொண்டு பெருமையோடு கல்லூரியின் படிப்பு ஆலோசகரான கவுன்சிலரிடம் போனேன். அவர் இரண்டே நிமிடம் பார்த்துவிட்டு, நர்சிங்குக்கு விண்ணப்பிக்கும் முன் முடித்திருக்க வேண்டிய முன்தேவைப் பாடங்களின் பட்டியலை மேசையில் விரித்து, அதிலிருந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் நேராக என் பாடம் எது என்று கேட்டார். மனித உடற்கூறு, மனித உடலியங்கியல், நுண்ணுயிரியல் ஆகிய மூன்றில் முதல் இரண்டுக்கும் நேராக வைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. நுண்ணுயிரியலில் மட்டும் ஒரு தாள் இருந்தது. அதற்கு ஆய்வக நேரம் எவ்வளவு என்று துறையில் கேட்டார்கள். ஊரிலிருந்து தம்பி என் பழைய ரெக்கார்டு நோட்டைத் தேடியெடுத்து, துறைத்தலைவர் கையொப்பமிட்ட முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினான். அதை மரியாதையோடு பார்த்துவிட்டு, படித்து ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது என்ற காரணத்தைக் காட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

உங்களுக்கும் அதுவே நேரும் என்று நினைக்கிறேன். அறிவியல் பாடங்களை 5 அல்லது 7 ஆண்டுகளுக்குள் படித்திருக்க வேண்டும் என்ற விதி பல நர்சிங் துறைகளில் உண்டு. அது இல்லாத கல்லூரியிலும், முதுகெலும்பற்றவை, முதுகெலும்புள்ளவை என்று வகுத்துப் படித்த விலங்கியலை மனித உடற்கூறுக்கு ஈடாக ஏற்கமாட்டார்கள். நாம் தவளையை அறுத்து நரம்பு மண்டலத்தை வரைந்தவர்கள். அவர்கள் கேட்பது மனித எலும்பின் ஒவ்வொரு மேடும் பள்ளமும்.

செலவுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். இங்கே மாநில வசிப்பிடத் தகுதி பெற்றவர்களுக்கு ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு (கிரெடிட்டை இங்கே அப்படிச் சொல்வார்கள்) 46 டாலர். ஐந்து யூனிட் உடற்கூறுப் பாடம் 230 டாலரில் முடிந்துவிடும். பாடம் பாடமாகப் பிரித்துத் தரும் மதிப்பீட்டு அறிக்கைக்கே ஏறத்தாழ 200 டாலர் ஆகும். பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் பணமும் கூரியர் செலவும் தனி. எனவே அறிவியல் பாடங்களை மறுபடி படித்துவிடுங்கள். எனக்கு அது வீண் வேலையாகத் தெரியவில்லை; பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு வகுப்பில் உட்கார்ந்து கை பழகியதுதான் நர்சிங் முதல் செமஸ்டரில் என்னைக் காப்பாற்றியது.

கோப்புக்காரன் எழுதியது:

வணக்கம். நான் கலிபோர்னியா கம்யூனிட்டி கல்லூரி ஒன்றின் பதிவேடுகள் பிரிவில், வெளியிலிருந்து வரும் டிரான்ஸ்கிரிப்டுகளை, அதாவது கல்லூரிகள் தரும் அதிகாரபூர்வ மதிப்பெண் பதிவுகளை, பார்க்கும் வேலையில் இருக்கிறேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். மேலே சகோதரி சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். முதலில், மறைப்பது பற்றிய கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன்.

மறைக்காதீர்கள். முன்பு பயின்ற கல்லூரிகள் அனைத்தையும் குறிப்பிட வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள். நீங்கள் கையொப்பமிடுவது அந்த உறுதிமொழிக்குக் கீழேதான். கூட்டரசு நிதியுதவிப் படிவத்திலும் பட்டம் பெற்றவரா என்ற கேள்வி வருகிறது. இளங்கலைப் பட்டம் பெற்றவருக்குப் பெல் கிராண்ட் என்ற கூட்டரசு உதவித்தொகை கிடையாது. அந்தப் பட்டம் வெளிநாட்டுப் பட்டமாக இருந்தாலும் அதே விதிதான். மறைத்துப் பணம் வாங்கிவிட்டுப் பிறகு திருப்பிக் கட்டுவது, செவிலியர் உரிமம் கேட்கப் போகும் ஒருவருக்கு எவ்வளவு பெரிய சிக்கல் என்பதை எண்ணிப் பாருங்கள். குறிப்பிடுவது வேறு, கிரெடிட் கேட்பது வேறு. பட்டம் இருக்கிறது என்று எழுதிவிட்டு, அதற்கு கிரெடிட் கோராமலே இருக்கலாமா என்று உங்கள் கல்லூரியில் கேளுங்கள். பல இடங்களில் அதற்கு இடமுண்டு. ஆனால் ஹூஸ்டன் டிரான்ஸ்கிரிப்டைக் கட்டாயம் அனுப்ப வேண்டும்.

இனி ஹூஸ்டன் பாடங்கள். டெக்சாஸில் பொதுப் பாட எண் முறை இருக்கிறது. நான்கு இலக்கங்களில் முதலாவது எந்த ஆண்டுப் பாடம் என்பதையும் இரண்டாவது எத்தனை கிரெடிட் என்பதையும் காட்டும். ஆகவே 1301 என்பது முதலாண்டு, மூன்று கிரெடிட். 2401 என்பது இரண்டாம் ஆண்டு, நான்கு கிரெடிட். இதைப் பார்த்த உடனே எங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். அமெரிக்க அங்கீகாரம் பெற்ற கல்லூரி என்பதால் மதிப்பீட்டு நிறுவனம் எதுவும் தேவையில்லை. அந்தக் கல்லூரி நேரடியாக மின்னணு வடிவில் அனுப்பினால் போதும். நீங்கள் பதிவிறக்கி மின்னஞ்சலில் அனுப்பும் நகல் செல்லாது. அங்கே பழைய அபராதம் ஏதேனும் பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டிவிடுங்கள். கடன் பாக்கிக்காக டிரான்ஸ்கிரிப்டை நிறுத்தி வைக்கக் கூடாது என்ற சட்டம் 2020 முதல் கலிபோர்னியாவில் நடைமுறையில் உள்ளது. அது இங்குள்ள கல்லூரிகளைத்தான் கட்டுப்படுத்தும்.

ஆங்கிலம் 1301 இங்குள்ள முதலாண்டுக் கட்டுரைப் பாடத்துக்கு ஈடாகிவிடும். அதை லேசாக எண்ணாதீர்கள். இந்தியாவில் படித்த ஆங்கிலத் தாள்களை அந்த இடத்தில் பெரும்பாலும் ஏற்பதில்லை.

சிக்கல் 2401இல்தான் இருக்கிறது. டெக்சாஸில் உடற்கூறையும் உடலியங்கியலையும் கலந்து, 2401, 2402 என்று இரு பகுதிகளாகக் கற்பிக்கிறார்கள். கலிபோர்னியாவில் பல கல்லூரிகள் உடற்கூறை ஒரு முழுப் பாடமாகவும் உடலியங்கியலை மற்றொரு முழுப் பாடமாகவும் வைத்திருக்கின்றன. 2401இல் நீங்கள் எலும்பு, தசை, நரம்பு மண்டலங்களின் அமைப்பையும் இயக்கத்தையும் சேர்த்தே படித்திருப்பீர்கள். இதயமும் நுரையீரலும் சிறுநீரகமும் 2402இல் வரும். ஆகவே முதல் பகுதி மட்டும் இருந்தால் அது உடற்கூறும் ஆகாது, உடலியங்கியலும் ஆகாது. இரண்டும் இருந்தால் சேர்த்து இரண்டு பாடங்களுக்கும் ஈடாக எடுத்துக்கொள்வார்கள். ஒன்றை மட்டும் கொண்டுவந்தால் நான்கு விருப்பப்பாட யூனிட்டுகளாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். இதை நான் மாதத்துக்கு ஒருவருக்காவது சொல்ல நேர்கிறது. சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

புள்ளியியலில் சி பெற்றதாகச் சொன்னீர்கள். அது தேர்ச்சிதான், கட்டமும் நிரம்பிவிடும். ஆனால் நர்சிங் தெரிவில் முன்தேவைப் பாடங்களின் சராசரிக்குப் புள்ளிகள் உண்டு என்பதால், அதை மறுபடி படித்து உயர்த்தலாம் என்ற எண்ணம் வரும். சி அல்லது அதற்கு மேல் பெற்ற பாடத்தை விரும்பியபடி மீண்டும் படிக்க மாநில விதி இடம் தருவதில்லை. 36 மாதங்களுக்குக் குறையாத இடைவெளி இருந்து, அந்தப் பாடத்தை அண்மையில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தால், அப்போது விண்ணப்பித்துக் கேட்கலாம். வெளியிலுள்ள வேறு கல்லூரியில் படித்த பாடத்துக்கு இதை ஒவ்வொரு கல்லூரியும் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதில் வேறுபாடு உண்டு. நீங்களாக முடிவெடுத்துப் பணம் கட்டிவிடாதீர்கள்.

இந்தியப் பட்டத்தைப் பொறுத்தவரை, அனுப்புவதென்று முடிவு செய்தால், நாசெஸ் என்ற கூட்டமைப்பின் உறுப்பினராக உள்ள நிறுவனங்களின் அறிக்கையைத்தான் பெரும்பாலான கல்லூரிகள் ஏற்கும். டபிள்யூ.இ.எஸ். அவற்றில் ஒன்று. எந்தெந்த நிறுவனங்களை ஏற்கிறோம் என்ற பட்டியலைக் கல்லூரியே வைத்திருக்கும்; அதைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். பொது அறிக்கை, பாடவாரி அறிக்கை என்று இரண்டு வகை உண்டு. உங்களுக்கு வேண்டியது பாடவாரி அறிக்கை. நம் ஊர் 60 மதிப்பெண்ணை இங்குள்ள 60ஆகப் பார்க்கமாட்டார்கள், முதல் வகுப்பு மதிப்பெண் பொதுவாக ஏ ஆகத்தான் மாறும் என்பதால் அந்தக் கவலை வேண்டாம். ஆனால் அந்த அறிக்கை ஒரு பரிந்துரை மட்டுமே. அதில் எந்தப் பாடத்தை ஏற்பது என்பதைக் கல்லூரியும், அறிவியல் பாடமானால் அந்தத் துறையின் ஆசிரியர்களும் முடிவு செய்வார்கள். மூன்றாம் ஆண்டுத் தாள்களை உயர்நிலைப் பாடங்கள் என்று அறிக்கை குறித்திருந்தால், முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை மட்டும் கற்பிக்கும் எங்களிடம் அவற்றுக்கு நேர் பாடம் இருக்காது.

எறும்பு எழுதியது:

இருவரும் இந்தியப் பட்டத்தைக் கொஞ்சம் அதிகமாகவே கீழே இறக்கிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. நான் கணக்குப்பதிவியல் படிக்கச் சேர்ந்தபோது, பி.ஏ. பொருளாதாரத்தில் படித்த தாள்களைக் கொண்டு இரண்டாண்டு அசோசியேட் பட்டத்தில் எல்லோரும் படிக்க வேண்டிய பொதுக்கல்விப் பகுதியில் சமூக அறிவியலும் மனிதவியல் (ஹியூமானிட்டீஸ்) பாடங்களும் நிறைந்துவிட்டன. 60 யூனிட் பட்டத்தில் நான்கு பாடங்களை நான் படிக்க வேண்டியிராமல் மிச்சமாயின. வேலைக்கும் போய்க்கொண்டு மாலையில் படிப்பவருக்கு அது ஓர் ஆண்டு.

ஒரு நிபந்தனையை மட்டும் சொல்லிவிட வேண்டும். அது கல்லூரியின் சொந்தப் பொதுக்கல்வித் திட்டத்துக்குத்தான் பொருந்தியது. கால் ஸ்டேட், யூசி என்ற மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு மாறுவோருக்காக 2025 இலையுதிர் காலத்திலிருந்து வந்திருக்கும் கால்-ஜீடெக் என்ற பொதுக்கல்வித் திட்டத்தில் வெளிநாட்டுப் பாடங்களைப் பொதுவாகப் பயன்படுத்த முடியாது என்று என் கவுன்சிலர் முதலிலேயே எச்சரித்தார்.

மேலும், கொன்றை அவர்கள் செவிலியரான பிறகு மேற்படிப்புக்குப் போக நினைத்தால், ஏற்கெனவே இளங்கலை உண்டு என்று காட்டும் அறிக்கை அப்போது கைகொடுக்கும். மூன்றாண்டுப் பட்டத்தைச் சில நிறுவனங்கள் மூன்று ஆண்டுப் படிப்பாக மட்டும் கணக்கிடுகின்றன. டபிள்யூ.இ.எஸ். போன்றவை, இந்தியக் கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் ஏ தரம் பெற்ற கல்வி நிறுவனத்தில் நல்ல வகுப்பில் தேறியிருந்தால் முழு இளங்கலைக்கு ஈடாகக் கொள்கின்றன. எந்த நிறுவனத்துக்கு அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதால், இதை விசாரித்துவிட்டு அனுப்புவது நல்லது. பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையை வாங்க எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அப்பா மூன்று முறை நேரில் போனார். தேவைப்படும் நாளில் தொடங்கினால் நடக்காது.

கொன்றை எழுதியது:

மூவருக்கும் நன்றி. தோழியின் யோசனையை விட்டுவிட்டேன். ஹூஸ்டன் கல்லூரியின் தளத்தில் நுழைந்து பார்த்தால், நான் மறந்தே போன 35 டாலர் வாகன நிறுத்த அபராதம் உண்மையிலேயே நிலுவையில் இருந்தது. கட்டிவிட்டு டிரான்ஸ்கிரிப்டை அனுப்பச் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு ஐயம் பாக்கி. 2402ஐ அதே ஹூஸ்டன் கல்லூரியில் இணையவழியாக முடித்தால், இரண்டு பகுதிகளும் சேர்ந்து இங்கே இரண்டு பாடங்களுக்கும் ஈடாகிவிடும் அல்லவா? ஐந்து யூனிட் பாடங்கள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பதைவிட அது எளிதாகத் தெரிகிறது.

கோப்புக்காரன் எழுதியது:

எண்ணிக்கையில் எளிதுதான். ஆனால் இரண்டு செய்திகளைப் பாருங்கள். முதலாவது, இப்போது நீங்கள் டெக்சாஸ்வாசி அல்லர் என்பதால் அங்கே வெளிமாநிலக் கட்டணம் கட்ட நேரும். இரண்டாவது, ஆய்வகத்தை இணையவழியாகச் செய்த அறிவியல் பாடங்களைச் சில நர்சிங் துறைகள் ஏற்பதில்லை. ஏற்கும் துறைகளிலும் உங்களுடைய 2401 எந்த ஆண்டு முடித்தது என்பதிலிருந்துதான் ஆண்டுக் கணக்கைத் தொடங்குவார்கள். நீங்கள் விண்ணப்பிக்கப் போகும் இரண்டு மூன்று கல்லூரிகளின் நர்சிங் துறைக்கு 2401, 2402 எண்களைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னதை அடுத்த செமஸ்டரில் யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள்.

கொன்றை எழுதியது:

மூன்று கல்லூரிகளுக்கு எழுதினேன். ஒன்று இணையவழி ஆய்வகத்தை ஏற்காது என்று விடையளித்தது. இன்னொன்று பாடத்திட்டத்தை அனுப்பினால் பரிசீலிப்போம் என்றது. மூன்றாவதிலிருந்து இன்னும் பதில் இல்லை. பதிவு தொடங்கும் நாள் நெருங்கிவிட்டதால், உடற்கூறை இங்கேயே வாரம் இரண்டு மாலை வகுப்பாக எடுத்துக்கொண்டேன். விலங்கியல் மார்க் பட்டியல்கள் அம்மாவின் பீரோவில் அந்துருண்டை வாசனையோடு பத்திரமாக இருக்கின்றனவாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நானே பல்கலைக்கழகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வருகிறேன்.