"இப்ப ஃப்ரீயா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

கோடும்கட்டமும்:
ஃப்ரீலான்ஸ் டிசைன் வேலை. கையில் இப்போது ஒரே ஒரு சின்ன ப்ராஜெக்ட்தான். புதிதாக விசாரிக்கிறவர்கள் எடுத்ததுமே "இப்ப ஃப்ரீயா இருக்கீங்களா?" என்கிறார்கள். ஆமாம் என்றால் பேரம் ஆரம்பமாகிவிடுகிறது. பிஸி என்று பொய் சொல்லவும் பிடிக்கவில்லை. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ராக்கோழி:
அவருக்குத் தெரிய வேண்டியது எப்போது ஆரம்பிப்பீர்கள் என்பது மட்டும்தான். அதை மட்டும் சொல்லுங்கள்: "வர்ற புதன்கிழமை ஆரம்பிச்சிடலாம். அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் பேசணும். நாளைக்கு 11 மணியா, வெள்ளி 4 மணியா, எது வசதி?" இதில் பொய் எதுவும் இல்லை. பிஸி என்று அளந்துவிட்டால், "அவசரம், நாளைக்கே வேணும், கூடுதலா தர்றேன்" என்று அவர் சொல்லும்போது முழிக்க வேண்டியதுதான்.

நிறைய பேர் சறுக்குவது தொகை சொல்லும் இடத்தில். சொன்னதும் எதிர்முனையில் சத்தமே இருக்காது. மனுஷன் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அந்த நாலு விநாடி பொறுக்காமல் "பார்த்துப் பண்ணிக்கலாம் சார்" என்று நாமே இறங்கிவிடுகிறோம். தொகை, அதில் என்னென்ன அடங்கும், முன்பணம் 50%. இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அடுத்து பேச வேண்டியது அவர்.

கணக்குப்புலி:
ஒரு சின்னக் கணக்கு. ரேட்டை 30% குறைத்தால், அதே வருமானத்துக்குச் சுமார் 43% கூடுதல் வேலை செய்ய வேண்டும். வேலையே வராத மாதத்தில் அதற்கு எங்கே போவது? பட்ஜெட் இல்லை என்றால் வேலையின் அளவைக் குறையுங்கள்: 3 மாதிரிக்குப் பதில் 1, திருத்தம் 2 சுற்றோடு சரி, சோர்ஸ் ஃபைலுக்கு (டிசைனைத் திருத்தக்கூடிய மூலக் கோப்பு) தனிக் கட்டணம். வெறுமனே ரேட்டை மட்டும் இறக்கினால் அடுத்த முறையும் அங்கிருந்துதான் பேச்சே தொடங்கும். கொட்டேஷனில் "14 நாள் வரை செல்லும்" என்று ஒரு வரி போடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பழைய தொகையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள்.

மெல்லினம்:
பேச்சை மட்டும் மாற்றினால் போதாது என்பது என் கருத்து. கையிருப்பை மாதச் செலவால் வகுத்துப் பாருங்கள். விடை 4 என்றால் தாராளமாக மறுத்துப் பேசலாம். 1-க்குக் கீழே என்றால் தொண்டையே காட்டிக்கொடுத்துவிடும். அந்த நேரத்தில் ஒரு நாளில் முடிகிற, முன்பணம் முழுதாக வருகிற சின்ன வேலைகளை எடுங்கள்.

பழைய வாடிக்கையாளருக்கு "ஏதாவது வேலை இருக்கா?" என்று மட்டும் அனுப்பாதீர்கள். அவர்கள் தளத்தை மொபைலில் திறந்து பாருங்கள். "விசாரணைப் படிவத்தில் அனுப்பும் பட்டன் கீபோர்டுக்கு அடியில் மறைகிறது, ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்" என்று எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

கோடும்கட்டமும்:
நன்றி. போர்ட்ஃபோலியோவில், அதாவது செய்த வேலைகளைக் காட்டும் தொகுப்பில், கடைசி வேலை 8 மாதம் பழசு. அதற்கு என்ன செய்ய?

ராக்கோழி:
சொந்தமாக ஒன்று செய்து போடுங்கள். "சொந்த முயற்சி" என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். பெரிய கம்பெனி லோகோவை வைத்து வாடிக்கையாளர் மாதிரி காட்டினால் ஒரு போன் காலில் குட்டு வெளிப்பட்டுவிடும். லிங்க்ட்இன்னில் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அது வேலை தேடுகிறவர்களுக்கானது. ஃப்ரீலான்ஸருக்கு, என்னென்ன சேவை தருகிறோம் என்று காட்ட அதிலேயே தனிப் பகுதி இருக்கிறது.