முதல் பின்பால் மெஷின்: வாங்கிய கதையும் பராமரிக்கும் கதையும்

டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலிருந்து:

பழைய பின்பால் மெஷின் (சாய்ந்த கண்ணாடிப் பெட்டிக்குள் இரும்புக் குண்டை அடித்து ஆடுவது) வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள் என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். நான் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சின்ன வயதில் எங்கள் தெருமுனை டீரூமில், அதாவது சின்னக் கடையில், ஒரு மெஷின் இருந்தது. தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சியே 1976 ஜனவரியில்தான் வந்தது. சாயங்காலம் பிள்ளைகளுக்கு வெளிச்சமும் மணிச் சத்தமும் என்றால் அந்த மெஷின்தான். கையில் பத்து சென்ட் இருக்கிறவன் ஆடுவான், மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்போம். நான் பெரும்பாலும் பார்த்துக்கொண்டு நின்றவன். இத்தனை வருஷம் கழித்து, டோங்காட்டில் ஒரு பெரியவரின் கராஜில் ஒன்று கிடக்கிறது என்று மைத்துனர் சொன்னதும் அன்றைக்கே கிளம்பிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் 'ராயல் ஃப்ளஷ்'. சிகாகோவின் காட்லீப் கம்பெனி 1976-இல் வெளியிட்டது, நாலு பேர் ஆடுவது. வடிவமைத்தவர் எட் கிரின்ஸ்கி, படம் வரைந்தவர் கார்டன் மோரிசன். சீட்டுக்கட்டுப் படம் போட்ட பலகைகள் வரிசையாக நிற்கும்; குண்டு பட்டால் 'டக்'கென்று கீழே இறங்கும். உள்ளே கம்ப்யூட்டர் சில்லு ஒன்றுகூடக் கிடையாது. காயில் என்கிற கம்பிச் சுருள், ரிலே என்கிற மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச், சுற்றும் மோட்டார், எங்கே பார்த்தாலும் ஸ்விட்ச். கணக்குப் போடுவதையே கண்ணால் பார்க்கலாம். முதல் மெஷின் வாங்குகிறவர்களுக்கு இந்த வகைதான் நல்லது என்பது என் கட்சி. பொறுமை இருந்தால் போதும், எங்கே நின்றுபோனது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

பெரியவர் ஸ்விட்சைப் போட்டார். விளக்கெல்லாம் எரிந்தது. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, மோட்டார்தான் நிக்க மாட்டேங்குது" என்றார். மறைக்காமல் சொன்னார், அதற்காகவே அவர்மேல் மரியாதை வந்தது.

விளக்கு எரிவதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். மேல் கண்ணாடியை உருவி எடுத்துவிட்டு, குண்டையும் எடுத்துவிட்டு, ஆட்டப் பலகையைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். எவ்வளவு பழசு என்பதை அல்ல, இதற்கு முன்னால் யார் யார் கை வைத்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். நான் பார்த்தபோது ஒரு ஃபியூஸ் எரிந்துபோய், அதன்மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் செருகியிருந்தார்கள். எப்போதோ டீரூமில் ராத்திரி வியாபாரம் நிற்கக் கூடாதென்று யாரோ செய்த வேலை. அப்படிச் செய்தால் ஃபியூஸ் எரிய வேண்டிய நேரத்தில் காயில் எரியும், அதையும் தாண்டினால் வயர் எரியும். நல்லவேளை, அதில் ஒரே ஒரு காயில்தான் கருகியிருந்தது. அதைச் சொல்லிப் பேரம் பேசினேன். 14,000 ரேண்டுக்கு முடிந்தது.

வாங்குவதற்கு முன் இன்னொன்றும் பாருங்கள். அமெரிக்காவில் ஓடிய மெஷின் 115 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டில் வருவது 230. வெளிநாட்டுக்கென்று செய்த மெஷினில் டிரான்ஸ்ஃபார்மரே வேறாக இருக்கும். எண்ணைப் படிக்காமல் பிளக்கைச் செருகவே கூடாது. என்னுடையது 115. பெரியவர் கூடவே ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் கொடுத்தார். அது வோல்ட்டைத்தான் குறைக்கும். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அதனால் மோட்டார் கொஞ்சம் நிதானமாகவே சுற்றும், எண்கள் அதற்கேற்ற தாளத்தில் ஏறும். பழுது என்று நினைக்க வேண்டாம்.

நூறு கிலோவுக்கு மேல் கனம். எண்கள் தெரியும் தலைப்பெட்டியின் வயர் பிளக்குகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, பிடுங்கி, போல்ட்டைக் கழற்றித் தனியாக வைத்தோம். படம் வரைந்த பின்கண்ணாடியைக் கம்பளியில் சுற்றி என் மனைவி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். மற்றதெல்லாம் மைத்துனரின் பக்கியில் (பின்பக்கம் திறந்த சின்ன லாரி) பின்னால் வந்தது.

அப்புறம் அந்த மோட்டார். ஆட்டம் தொடங்கும் பொத்தானை அழுத்தினால் ஸ்கோர் காட்டும் எல்லா எண் சக்கரமும் சுழன்று பூஜ்யத்துக்கு வர வேண்டும். வந்ததும் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சின்ன ஸ்விட்ச் 'நான் வந்துவிட்டேன்' என்று தகவல் சொல்லும். எல்லாம் சொன்னால்தான் மோட்டார் நிற்கும். என் மெஷினில் பதினைந்து நிமிஷம் விட்டாலும் 'கடகட'வென்று சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று ராத்திரி தலைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சக்கரம் சக்கரமாகப் பார்த்தேன். கண்ணுக்கு எல்லாமே பூஜ்யம். மூன்றாம் ராத்திரி, மூன்றாவது ஆட்டக்காரரின் நூறாம் இலக்கச் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் டார்ச்சைப் பிடித்தபோதுதான் தெரிந்தது: பிரிய வேண்டிய இரண்டு பித்தளைத் தகடும் பிரியவில்லை. யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அதில் தூசி சேர்ந்து, கருத்த பசையாகி, தகடுகளை ஒட்டி வைத்திருந்தது. ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டை இடையில் விட்டு இழுத்தேன். கறுப்புக் கோடாக வந்தது. நாலாவது முறை காகிதம் வெள்ளையாகவே வந்தது. தகட்டை ஒரு மயிரிழை வளைத்தேன். பொத்தானை அழுத்தினேன். சக்கரங்கள் ஓடின, மோட்டார் நின்றது. அந்த அமைதியைக் கேட்டு அடுத்த அறையிலிருந்து மனைவி எழுந்து வந்தாள்.

ஆகவே, காயில் உள்ளே ஓடும் இரும்புக் கம்பிக்கு எண்ணெய் விடாதீர்கள். அது உலர்ந்தே ஓட வேண்டும். உள்ளே இருக்கும் நைலான் குழல் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், விலை சொற்பம். குண்டை அடிக்கும் கையான ஃபிளிப்பரின் ஸ்விட்ச் போன்ற கனமான கான்டாக்டுக்கு மெல்லிய அரம் போடலாம், மற்றதற்குக் காகிதமே போதும். உப்புத்தாள் பக்கமே போக வேண்டாம். பெட்டியின் அடியில் கிடந்த திருகாணிகளையும் தூக்கிப் போடாதீர்கள். எனக்கு ஆறு கிடைத்தது; ஆறும் மேலே எங்கிருந்தோ விழுந்தவை, ஐந்துக்கு இடம் கண்டுபிடித்துவிட்டேன்.

டர்பன் பக்கம் பீனிக்ஸிலிருந்து:

அண்ணா, முதல் மெஷினுக்கு ரிலே வகைதான் நல்லது என்பதில் எனக்கு முழு சம்மதம் இல்லை. என்னுடையது 1970களின் கடைசியில் வந்த எலக்ட்ரானிக் வகை. ஸ்விட்ச் சோதனையை அதுவே செய்து, எது ஒட்டியிருக்கிறது என்று எண்ணில் காட்டும். மூன்று ராத்திரி டார்ச் பிடிக்க வேண்டியதில்லை.

ஆனால் இதற்கு வேறொரு நோய் உண்டு. அந்தக் காலத்துப் பல சர்க்யூட் போர்டுகளில் அதிக ஸ்கோரை நினைவில் வைக்க ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரியைப் போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். அது கசியும். நான் வாங்கும்போது போர்டின் மூலையில் பச்சைப் பாசிபோல் படர்ந்திருந்தது, சில்லு உட்காரும் கால்கள் வரைக்கும். பாசி என்று பார்த்ததுமே விலையைப் பாதியாகக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. கசிவது காரம். அதனால் வெள்ளை வினிகரைப் பழைய டூத்பிரஷில் தொட்டுத் தேய்த்தேன், நுரை அடங்கும்வரை. பிறகு தண்ணீரில் அலசி, ஆல்கஹாலில் துடைத்து, இரண்டு நாள் காயவிட்டேன். அரித்துப்போன சாக்கெட்டுகளை மாற்றித் தந்தவர் டிவி ரிப்பேர் செய்யும் என் சித்தப்பா.

முதல் தடவை மின்சாரம் கொடுத்தபோது போர்டில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒவ்வொரு சோதனை தேறினதும் ஒரு முறை மின்னும். ஏழு வந்தால் போர்டு பிழைத்தது. எங்களுக்கு ஆறு வரைக்கும் வந்து நின்றது. சித்தப்பா ஒரு ஃபியூஸை மாற்றினார், ஏழாவதும் வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது பேட்டரி போர்டில் இல்லை. சாதாரண செல் மூன்றைத் தனி டப்பாவில் போட்டு, வயர் இழுத்து, கீழே தள்ளி வைத்திருக்கிறேன். மின்சாரத்தை ஒரே பக்கம் விடும் டையோடு ஒன்று நடுவில் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் அந்த செல்லை சார்ஜ் செய்யப் பார்க்கும். வாங்கப் போகிறவர்கள் முதலில் தலைப்பெட்டியைத் திறந்து அந்த மூலையைப் பாருங்கள்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து:

நீங்கள் எல்லாரும் இயந்திரத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். பின்கண்ணாடியைப் பற்றி நான் சொல்கிறேன். என் அப்பாவின் மெஷினில் அதில்தான் எனக்கு மனக்குறை.

கண்ணாடியின் பின்பக்கம் மையால் அச்சடித்த படம் அது. பின்னால் எரியும் பல்புகளின் சூட்டில் வருஷக்கணக்காகக் காய்ந்து, மை செதில் செதிலாக எழும்பும். அப்பா எழும்பிய இடத்தில் செலோடேப் ஒட்டினார். டேப்பை எடுத்தபோது படத்தில் இருந்த பெண்ணின் முகம் டேப்போடு போனது. அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. தயவுசெய்து டேப் ஒட்டாதீர்கள், பின்பக்கம் துணி போட்டுத் துடைக்கவும் செய்யாதீர்கள். ஈரத்துணி என்றால் இன்னும் மோசம். 44 எண் பல்புகளை எடுத்துவிட்டு 47 போட்டால் ஒரு பல்பு இழுக்கும் மின்சாரம் 250 மில்லி ஆம்பியரிலிருந்து 150-க்கு இறங்கும், சூடும் குறையும். வெளிச்சம் சற்று மங்கும், எனக்கு அது பிடித்திருக்கிறது.

இங்கே கோடையில் மதியம் ஆனால் இடியும் மின்னலும். மேகம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். லோட் ஷெடிங் என்று முறை வைத்து மின்சாரத்தை நிறுத்திய நாட்களில் வந்த பழக்கம் அது. மின்சாரம் திரும்பி வரும் நொடியில் பழைய சாமான் எதுவும் செருகியிருக்கக் கூடாது.

சாட்ஸ்வர்த்திலிருந்து, மறுபடியும்:

தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்ததும் போய் என் கண்ணாடியைப் பார்த்தேன். கீழ் மூலையில் ஒரு விரல் அகலத்துக்கு மை எழும்பித்தான் இருக்கிறது. 47 எண் பல்பு இரண்டு டஜன் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊர் ஈரத்துக்குக் கராஜ் ஆகாது என்று மெஷினை வீட்டுக்குள் கொண்டுவந்தாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை டோங்காட் பெரியவர் வந்திருந்தார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கண்ணாடியில் கை வைத்து, மோட்டார் நிற்கும்வரை காதுகொடுத்துக் கேட்டார். அப்புறம் மூன்று ஆட்டம் ஆடினார். வலது ஃபிளிப்பர் இடதைவிட மெதுவாக இருக்கிறது, கவனித்தாயா என்று கேட்டார். நான் கவனிக்கவில்லை. அந்த ஃபிளிப்பர் காயிலின் நைலான் குழலைத்தான் இந்த வாரம் மாற்றப் போகிறேன்.