கரண்ட் வந்ததும் சர்வர் எழுந்துருது, பில் மட்டும் வர மாட்டேங்குது

காசிமேட்டுக்காரன்:
ஹார்பர் பக்கத்துல ஒரு ஐஸ் கம்பெனியோட பில்லிங் சர்வர் என் பொறுப்பு. உபுண்டு 22.04, டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ். யூபிஎஸ் பேட்டரி செத்து ரெண்டு மாசம் ஆச்சு, முதலாளி இன்னும் "பாக்கலாம்"லயே இருக்கார். ராத்திரி கரண்ட் போய் வந்தா ரெண்டரை மணிக்கு கவுன்ட்டர் பையன் போன்: "அண்ணே, பில் வரல, வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுக்கினே கீறான்." உள்ள போய்ப் பாத்தா போஸ்ட்கிரஸ் பச்சையா 'ஆக்டிவ்'னு நிக்குது! ரீஸ்டார்ட் அடிச்சா உடனே சரியாயிடுது. எது எப்ப ஸ்டார்ட் ஆவணும்னு சிஸ்டம்டிக்கு சொல்ற யூனிட் ஃபைல்ல ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட் இருக்கே, அப்புறம் இன்னா?

பழைய வண்ணை:
ஸ்டார்ட் ஆவறதுக்கு முன்னாடி ஸ்லீப் 60 போட்டு வுடு தல, 60 செகண்ட் காத்துக்கினு கிளம்பும். எங்க ஆபீஸ்ல நாலு வருஷமா அப்படித்தான் ஓடுது.

ரெண்டாவது ஷிப்ட்:
நெட்வொர்க் ஸ்விட்ச் எழ 70 செகண்ட் எடுத்தா?

நெட்வொர்க்.டார்கெட் பேரைப் பாத்து நம்பாதீங்க. நெட்வொர்க்கை நிர்வகிக்கிற சாஃப்ட்வேர் கிளம்பிடுச்சு, அதுக்கு அவ்ளோதான் அர்த்தம். ஐபி வந்துச்சா இல்லையான்னு அதுக்குக் கவலை கிடையாது. போஸ்ட்கிரஸ் எந்த அட்ரஸ்ல கேக்கணும்னு சொல்ற லிசன்_அட்ரசஸ்ல என்ன போட்டிருக்கீங்க?

காசிமேட்டுக்காரன்:
லோக்கல்ஹோஸ்ட், 192.168.1.10. ஸ்டாட்டிக் ஐபிதான்.

ரெண்டாவது ஷிப்ட்:
மாட்டுச்சு. ஸ்விட்ச் எழாம லிங்க் வராது. லிங்க் இல்லாம நெட்வொர்க்டி (உபுண்டுல நெட்வொர்க்கை நிர்வகிக்கிறது அதுதான்) ஸ்டாட்டிக் ஐபியைக்கூட போடாது. போஸ்ட்கிரஸ் அந்த அட்ரஸ் கிடைக்காம லாக்ல ஒரு வார்னிங் எழுதிட்டு, லோக்கல்ஹோஸ்ட்ல, அதாவது அந்த சர்வருக்குள்ள மட்டும் உக்காந்துடும், கவுன்ட்டர்லேர்ந்து தொட முடியாது. ஃபெயிலே ஆகலையே, அதனால ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர் போட்டும் பிரயோஜனம் இல்ல.

நான்னா லிசன்_அட்ரசஸ்ல நட்சத்திரக்குறி (எல்லா அட்ரஸ்லயும் கேளுன்னு அர்த்தம்) போட்டு, யார் உள்ள வரலாம்ங்கறதை போஸ்ட்கிரஸோட பிஜி_எச்பிஏ ஃபைல்லயும் ஃபயர்வால்லயும் கட்டுப்படுத்துவேன். இப்ப ஐபி எப்ப வந்தா என்ன! அதைத் தொட பயமா இருந்தா சிஸ்டம்சிடிஎல் எடிட் கமாண்ட்ல யூனிட் ஃபைலைத் திறந்து, நெட்வொர்க் நிஜமாவே வந்தப்புறம் எட்டுற நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்டை ஆஃப்டர், வான்ட்ஸ் ரெண்டுலயும் எழுதுங்க. ஆஃப்டர் வரிசையை மட்டும்தான் சொல்லும், டார்கெட்டை இழுத்துட்டு வர்றது வான்ட்ஸ். ஆனா அந்த டார்கெட்டுக்காகக் காத்துட்டிருக்கிற வெயிட்-ஆன்லைன் சர்வீஸ் 120 செகண்ட்தான் பொறுக்கும். கேபிள் குத்தாத ரெண்டாவது போர்ட் நெட்ப்ளான்ல (உபுண்டுவோட நெட்வொர்க் செட்டிங் ஃபைல்) இருந்தா அதுக்கும் சேத்து காத்துட்டிருக்கும். அந்த போர்ட்டுக்கு ஆப்ஷனல்: ட்ரூ போடணும்.

காசிமேட்டுக்காரன்:
நட்சத்திரக்குறி போட்டாச்சு. மத்தியானம் வியாபாரம் ஓய்ஞ்சப்புறம் ஸ்விட்ச் பிளக்கைப் புடுங்கிட்டு சர்வரை ஆன் பண்ணேன். மூணு நிமிஷம் கழிச்சு சொருகினேன். போர்ட் லைட் எரிஞ்சதும் கவுன்ட்டர்லேர்ந்து பையன் கத்துறான், "வந்துட்ச்சுண்ணே!" நாலு பார் ஐஸுக்கு டம்மி பில். கேன்சல் பண்ணணும்.