கடல்தண்ணி பம்ப் ஷாஃப்டுக்கு நானோ கோட்டிங் நிக்குமா?

உவரி பம்ப்செட்:
அண்ணாச்சிமாரே, இறால் பண்ணைக்கு கடல்தண்ணி இழுக்குற பம்ப், ஷாஃப்ட் சாதா எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) இரும்பு தான், தண்ணி ஒழுகாம ஷாஃப்டச் சுத்தி அடைக்கிற கிளாண்ட் கயிறு உக்கார்ற எடத்துல நகத்த வச்சா மாட்டுற அளவுக்கு பள்ளம் விழுந்து உள்ள கருஞ்செவப்பா துரு கெடக்கு, மணலும் சேந்து வருதுல்லா. இப்ப ஒருத்தர் நானோ ஸ்ப்ரே பாட்டில் கொண்டாந்து ஒருக்க அடிச்சா துருவும் புடிக்காது தேயவும் செய்யாதுன்னு சொல்லுதாரு. வாங்கலாமா?

வள்ளியூர் லேத்:
ஷாஃப்டுக்கு ஆவாது அண்ணாச்சி. பாட்டில்ல வாரது பெரும்பாலும் சிலிக்கா, தண்ணி உருண்டு ஓடும், பைக் டேங்க்குக்கு நல்லாருக்கும். கயிறும் மணலும் போட்டு அரைக்கிற எடத்துல அந்த மெல்லிசுப் படலம் நிக்காது.

முலாம் பட்டறை:
லேத் அண்ணாச்சி சொல்லுதது சரி, அதுக்காக நானோன்னாலே ஏமாத்துன்னு ஒதுக்கிராதீங்க. உலோகம் பூரா பொடிப்பொடி மணியாத்தான் இருக்கும், மணி சிறுசாக சிறுசாக கடினம் கூடும், ஹால்ங்குற ஆராய்ச்சியாளர் 1951லயும் பெட்ச்ங்குறவர் 1953லயும் சொன்னது இதத்தான். ஆனா மணி 10 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர்னா மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு) பக்கம் போயிட்டா திரும்ப இளக ஆரம்பிச்சிரும். ஸ்ப்ரேய விட்டுட்டு முலாம்னு பாத்தா எலெக்ட்ரோலெஸ் நிக்கல்னு ஒண்ணு இருக்கு, கரண்ட் இல்லாம தொட்டியில முக்கி நிக்கல் படியவைக்கிறது, அந்தப் படலத்துல பாஸ்பரஸ் 10 சதவீதத்துக்கு மேல இருந்தா உப்புக்கு நல்லா தாங்கும், 400 டிகிரில ஒரு மணி நேரம் சூடு காட்டுனா ஹார்ட் குரோம் (கெட்டியான குரோமியம் முலாம்) அளவுக்கு கடினமாவும், ஆனா அப்ப துருவத் தாங்குற குணம் கொறஞ்சிரும். ரெண்டையும் ஒண்ணா கேட்டா கஷ்டம்.

இன்னொண்ணு, இதத்தான் யாரும் சொல்ல மாட்டாங்க. நிக்கல்ல ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் போச்சு, நிக்கல் அப்படியே இருக்கும், அந்த ஓட்டை வழியா அடியில உள்ள இரும்பு மட்டும் வேகமா அரிச்சிட்டுப் போவும். துத்தநாகம் அப்படியில்ல, தான் அழிஞ்சு இரும்பக் காப்பாத்தும், ஆனா அது மெத்துனது, ஒங்க கயிறுக்கு முன்னால நிக்காது.

உவரி பம்ப்செட்:
அப்ப நான் என்னதான் செய்ய?

முலாம் பட்டறை:
ஷாஃப்டு மேல டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸ்ல (உப்புக்கு நல்லாத் தாங்குற ஒரு வகை ஸ்டெயின்லெஸ்) ஸ்லீவ், அதாவது உறை மாதிரி ஒரு குழாய், ஏத்துங்க, அதுக்கு மேல எச்விஓஎஃப்ல (பொடிய சூடாக்கி அதிவேகமா பீச்சி ஒட்ட வைக்கிற முறை) ரொம்பக் கடினமான டங்ஸ்டன் கார்பைடு அடிச்சு கிரைண்ட் பண்ணச் சொல்லுங்க. அந்தப் பொடிய ஒட்டிப் புடிக்கிற பைண்டர் வெறும் கோபால்ட்டா வேண்டாம், கடல்தண்ணி அதை அரிச்சிரும், குரோமியம் சேத்ததா கேளுங்க. தேஞ்சா ஸ்லீவ மட்டும் மாத்திக்கிடலாம். பாட்டில்காரர்ட்ட சால்ட் ஸ்ப்ரே ரிப்போர்ட் கேளுங்க, 5 சதவீத உப்புத்தண்ணிய 35 டிகிரில எத்தன மணி நேரம் தாங்குச்சுன்னு அதுல இருக்கும், ஆனா அது துருவுக்கு மட்டும் உள்ள டெஸ்ட், தேய்மானத்தப் பத்தி ஒண்ணும் சொல்லாது.

வள்ளியூர் லேத்:
எந்தக் கோட்டிங்னாலும் பிளாஸ்ட் பண்ணுததுக்கு (துகள வேகமா அடிச்சு மேற்பரப்பச் சுத்தம் பண்ணுததுக்கு) முன்னாலயே நல்லதண்ணி விட்டு உப்பக் கழுவிருங்க அண்ணாச்சி, அடியில உப்பு தங்குனா கொப்பளிச்சு உரிஞ்சிரும். உறிஞ்சுற பக்கம் மணல் தங்க ஒரு தொட்டி கட்டுனா தேய்மானம் அதுலயே கொறையும்.