அம்மாவுக்கு பிசினஸ் கிளாஸ்: புள்ளியா, ஏலமா, நேரடி டிக்கெட்டா?

சத்துவாச்சாரிவாசி
அம்மாவுக்கு வயது 68, முழங்கால் வலி. சென்னையிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு லுப்தான்சாவில் நேராகப் போகிறார், அக்கா வீட்டுக்கு. டிக்கெட் இன்னும் போடவில்லை. ஏர் இந்தியாவில் அடிக்கடி பறப்பவர்களுக்கான மகாராஜா கிளப் திட்டத்தில் என் கணக்கில் புள்ளிகள் இருக்கின்றன, கிரெடிட் கார்டிலும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. எகானமி எடுத்துப் புள்ளியால் பிசினஸுக்கு உயர்த்துவதா, உயர்த்த இவ்வளவு தருகிறேன் என்று ஏலம் கேட்பதா, அன்றைக்குக் கவுன்ட்டரில் பணம் கட்டுவதா? எதில் காசுக்கு மதிப்பு அதிகம்?

ஆம்பூர் பாய்
ஏலம்தான் தம்பி. தோல் கண்காட்சிக்கு மிலன் போகிற எங்கள் ஆட்களில் பலர் அப்படித்தான் போகிறார்கள். டிக்கெட் போட்ட பிறகு மெயில் வரும். திறந்தால் ஒரு கோடு இருக்கும். அதை இழுக்க இழுக்கத் தொகை ஏறும், பக்கத்தில் முள் சிவப்பிலிருந்து பச்சைக்கு நகரும். அவர்கள் ஒத்துக்கொண்டால்தான் கார்டில் பணம் எடுப்பார்கள். குறைந்தபட்சத் தொகைக்கு மேல் கொஞ்சம் போட்டுவிட்டு நிம்மதியாக இரு.

கோட்டை அகழி
நல்ல கோட் போட்டுக்கொண்டு கவுன்ட்டரில் சிரித்துப் பேசினால் சும்மாவே தருவார்கள் என்று கேள்விப்பட்டேன்.

காட்பாடி ஜங்ஷன்
கோட் கதையெல்லாம் பழசு. எகானமியில் இருக்கிற இடத்தைவிட அதிகமாக விற்றுவிட்டால்தான் சிலரை மேலே ஏற்றுவார்கள். அதிலும் அந்த விமான நிறுவனத்தின் கோல்டு, பிளாட்டினம் உறுப்பினர் அட்டைக்காரர்களுக்குத்தான் முதல் வரிசை.

பாய், அந்தப் பச்சை முள்ளை நம்பாதீர்கள். பிசினஸில் எத்தனை இடம் காலி என்று அது சொல்வதில்லை. நம் கையிலிருந்து இன்னும் கொஞ்சம் கறக்க வைத்த முள் அது. கிடைத்ததா இல்லையா என்பது பெரும்பாலும் கிளம்ப ஓரிரு நாள் இருக்கும்போதுதான் தெரியும். கிடைத்த பிறகு பயணத்தைத் தள்ளிப்போட்டால் அந்தப் பணம் அநேகமாகப் போனதுதான். ஒரே பிஎன்ஆரில் அப்பாவும் இருந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கட்ட வேண்டும். வியாபாரிக்குக் கிடைத்தால் லாபம், இல்லாவிட்டால் பரவாயில்லை. வலி இருக்கிற அம்மாவுக்கு அந்த 'பரவாயில்லை' கிடையாது.

பாலாறு
அப்படியானால் புள்ளியால் உயர்த்துவதுதான் வழி. முழு பிசினஸ் டிக்கெட்டுக்குக் கேட்கிற புள்ளியைவிடக் குறைவாகப் போகும். காசு கொடுத்து எடுத்த எகானமி டிக்கெட் என்பதால் அதற்கும் மைல், அதாவது புள்ளி, சேரும். மூன்றில் ஒரு பங்கு செலவில் இரண்டு லட்ச ரூபாய் இருக்கை. இதைவிட மதிப்பு எங்கே இருக்கிறது?

காட்பாடி ஜங்ஷன்
இந்த 'இரண்டு லட்சம்' கணக்கில்தான் எனக்குச் சண்டை. மலிவான எகானமி டிக்கெட்டைப் பெரும்பாலும் உயர்த்த விடமாட்டார்கள். ஒரு பேச்சுக்கு மலிவு டிக்கெட் 60,000, உயர்த்த அனுமதிக்கிற டிக்கெட் 85,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த 25,000-ஐ முதல் நாளே கட்டியாகிவிட்டது. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்து, இரண்டு லட்சத்தை நாம் எந்தக் காலத்திலும் பணமாகக் கட்டப்போவதில்லை, அப்புறம் அதை மிச்சம் பிடித்ததாக எப்படிச் சொல்ல முடியும்? அந்த ஒரு இரவுப் படுக்கைக்குச் சட்டைப்பையிலிருந்து எவ்வளவு தரத் தயார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 50,000 என்றால், அதில் 25,000 ஏற்கெனவே போய்விட்டது. மிச்சம் 25,000-தான் புள்ளிகள் சம்பாதித்துக் கொடுத்தது. புள்ளிக்கு எத்தனை பைசா என்று இப்போது வகுத்துப் பாருங்கள்.

சத்துவாச்சாரிவாசிக்கு இன்னொரு சிக்கல். ஏர் இந்தியா 2014-ல் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் சேர்ந்தது, லுப்தான்சாவும் அதில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நிறுவனத்தின் புள்ளியால் இன்னொன்றின் டிக்கெட்டை உயர்த்த, எகானமியிலேயே உச்ச விலை டிக்கெட் கேட்பார்கள். அதனால் உயர்த்தவே வேண்டாம். மகாராஜா கிளப் புள்ளியைக் கொடுத்து லுப்தான்சாவின் பிசினஸ் டிக்கெட்டையே எடுக்கலாம். வரியும் கட்டணமும் தனி. டிக்கெட் கையில் வந்த நிமிடமே படுக்கை உறுதி.

ஆம்பூர் பாய்
கேட்க நன்றாக இருக்கிறது. நேர் விமானத்தில் புள்ளிக்கு எத்தனை பிசினஸ் இடம் திறப்பார்கள்? தேடித் தேடிக் கண்ணே பூத்துப்போகும். கார்டு பாயின்ட்டை அவசரப்பட்டு ஏர்லைன் கணக்குக்கு மாற்றிவிட்டால் திரும்பவும் வராது. இடம் இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் மாற்றாதே தம்பி. காட்பாடிக்காரர் இதைச் சொல்லவே இல்லை.

காட்பாடி ஜங்ஷன்
அது சரிதான் பாய். பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

காந்தி ரோடு ட்ராவல்ஸ்
சார், டிக்கெட் போடுகிறவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் எகானமி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், பிரீமியம் எகானமி, பிசினஸ் எல்லாவற்றுக்கும் 18. முன்பு 12 இருந்தது. பாய் கம்பெனி பெயரில் எடுத்தால் உள்ளீட்டு வரி வரவு உண்டு, அதாவது இந்த வரியைக் கம்பெனி கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், அம்மா டிக்கெட்டில் அது கைக்காசு. அதனால் ஏற்றுமதிக்காரர் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒன்றாகாது.

போகவும் வரவும் இரண்டு பக்கமும் பிசினஸ் எதற்கு என்பதுதான் என் கேள்வி. இந்த விமானம் சென்னையில் நள்ளிரவு தாண்டிக் கிளம்பும். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து மாலையே வண்டி ஏறி, ஸ்ரீபெரும்புதூர் நெரிசலைத் தாண்டி, வரிசையில் நின்று உள்ளே போவதற்குள் அம்மாவுக்குக் கால் வீங்கிவிடும். அப்போது படுக்கை வேண்டும். திரும்பும்போது பகல் பயணம். பிரீமியம் எகானமி அல்லது கால் நீட்டக் கூடுதல் இடமுள்ள இருக்கை போதும். அவசர வழி வரிசையை மட்டும் கேட்காதீர்கள், முழங்கால் வலிக்காரர்களை அங்கே உட்கார விடமாட்டார்கள்.

பாலாறு
கவுன்ட்டரில் அன்றைக்குக் கேட்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே? சில நேரம் ஏலத் தொகையைவிடக் குறைவாகச் சொல்வார்கள்.

காந்தி ரோடு ட்ராவல்ஸ்
சொல்வார்கள், இடம் மிச்சம் இருந்தால். பள்ளி விடுமுறைக் காலத்தில் அதை நம்பிப் போக முடியாது. கட்டுவதற்கு முன் லக்கேஜ் அளவும் லவுஞ்சும் சேர்ந்து வருமா என்று கேளுங்கள். சில நிறுவனங்களில் இருக்கை மட்டும்தான் மாறும்.

சத்துவாச்சாரிவாசி
நன்றி. போகும் பக்கத்துக்கு மட்டும் மகாராஜா கிளப்பில் பிசினஸ் இடம் தேடுகிறேன், தேதியை மூன்று நான்கு நாள் முன்னே பின்னே நகர்த்தலாம். அதற்கு எத்தனை புள்ளி, வரி எவ்வளவு என்று இன்றிரவே பார்த்துவிடுகிறேன்.

ஆம்பூர் பாய்
இடம் கிடைக்காவிட்டால் எகானமி போட்டு ஏலம் கேள். முள் பச்சைக்கு வரும்வரை இழுக்காதே. அப்புறம், எந்த வகுப்பானாலும் சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே எழுதிவிடு, அதற்குக் காசு கிடையாது.