கால்சியம் குளோரைடு வாங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்: மூட்டைக்குள் உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு?

ரசாயன மொத்த வியாபாரி, சென்னை

காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் வெள்ளை உப்பான கால்சியம் குளோரைடு கேட்டு வருகிறவர்களின் முதல் கேள்வி எப்போதும் ‘கிலோ என்ன விலை?’ என்பதுதான். ‘எத்தனை சதவீதச் சரக்கு வேண்டும்?’ என்று திருப்பிக் கேட்டால், விலையை ஏற்றத்தான் கேட்கிறேன் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். இந்தச் சரக்கில் சதவீதம் தெரியாமல் விலை பேசுவது தண்ணீருக்கு விலை பேசுவதுதான்.

சந்தையில் அதிகம் ஓடுவது 77 சதவீதச் செதில். ஒவ்வொரு மூலக்கூறும் ஏறக்குறைய இரண்டு நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்திருக்கும் உப்பு அது. நீரற்ற ரகம் குருணையாகவோ பொடியாகவோ 94 சதவீதத்துக்கு மேல் வரும். டேங்கரில் வரும் கரைசலில் 30 முதல் 40 சதவீதம் வரை உப்பு இருக்கும். 100 கிலோ உண்மையான உப்பு வேண்டுமென்றால் செதிலில் 130 கிலோ, குருணையில் 106 கிலோ, 36 சதவீதக் கரைசலில் 278 கிலோ வாங்க வேண்டும். லாரி வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மலிவாகத் தெரிந்த சரக்கு சில நேரம் அதிக விலைக்கு வந்து நிற்கும். தொழிற்சாலை பக்கத்திலேயே இருந்தால் கரைசல்தான் லாபம். தூரம் கூடினால் தண்ணீருக்கு வாடகை கொடுக்கிறோம்.

இன்னொன்று, கோடவுன். ஐப்பசி மழையில் உள்பை கிழிந்த மூட்டை ஒன்று இருந்தால் போதும். முதலில் செதில்கள் ஒட்டிக்கொள்ளும், பிறகு மூட்டையே கல்லாகும், அதன்பின் அடியில் கசிவு தொடங்கும். ஆறு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த வடிவம் 30 டிகிரிக்கு அருகிலேயே உருகிவிடும். நம் ஊர் வெயிலில் அது கட்டியாக நிற்குமா? மூட்டைகளை மரப்பலகைமேல் அடுக்குங்கள். பிரித்த மூட்டையை அன்றே தீர்த்துவிடுங்கள்.

உங்கள் அனுபவம் என்ன?

ஐஸ் பிளான்ட் மேற்பார்வையாளர், தூத்துக்குடி

அண்ணாச்சி சொல்வது சரி. எங்கள் பக்கம் ஐஸ் பிளான்ட்களில் குளிரைக் கடத்தப் பெரும்பாலும் சாதா உப்புக் கரைசல்தான். கட்டி ஐஸுக்கு அதுவே போதும். ஆனால் மீனை உறைய வைக்கும் இடத்தில் இன்னும் கீழே இறங்க வேண்டும். சாதா உப்பு எவ்வளவு போட்டாலும் மைனஸ் 21 டிகிரியோடு அதன் கதை முடிந்தது. கால்சியம் குளோரைடு 25 சதவீதக் கரைசலிலேயே மைனஸ் 29 வரை உறையாது. 30 சதவீதத்தை நெருங்கினால் மைனஸ் 50 வரை தாங்கும். அதற்கு மேல் உப்பைக் கொட்டினால் உறைநிலை இறங்காது, திரும்ப ஏறும். இதை நம்ப மறுக்கும் ஆட்களிடம் நான் வாதாடுவதில்லை, அடர்த்திமானியைத் தொட்டியில் விட்டுக் காட்டுவேன். 1.23 காட்டினால் 25 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தண்ணீரில்தான் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். உப்புமேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. நீரற்ற குருணையை டிரம்மில் கொட்டி ஒருவர் மேலே தண்ணீர் ஊற்றியபோது, சில நிமிடங்களில் டிரம்மைத் தொட முடியவில்லை, ஆவி எழும்பியது. வியர்த்த கையில் ஒட்டிய குருணைகூடச் சுடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

கெர்கின் வெள்ளரி பதப்படுத்தும் தொழிற்சாலை, தரக் கட்டுப்பாடு, திண்டுக்கல் பக்கம்

பாட்டிலில் போகும் வெள்ளரி கடிக்கும்போது நறுக்கென்று இருக்க நாங்கள் இதைச் சேர்க்கிறோம். காயின் செல்சுவரில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளைக் கால்சியம் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் வித்தை. கொஞ்சம் கூடினாலும் கசப்பு நாக்கில் தெரிந்துவிடும்.

எங்கள் தலைவலி சதவீதம் அல்ல, ரகம். உணவு ரகம் என்றால் ஐ.என்.எஸ். 509 என்ற சர்வதேச உணவுச் சேர்க்கை எண் மூட்டையில் இருக்க வேண்டும். ஈயம், ஆர்சனிக், ஃபுளோரைடு அளவுகளோடு அந்தத் தொகுதிக்கே உரிய ஆய்வுச் சான்றிதழும் வர வேண்டும். ‘வெள்ளை வெளேரென்று இருக்கிறதே சார், அதே சரக்குதான்’ என்று சொன்ன விற்பனையாளர் ஒருவர் உண்டு. அவர் கொடுத்த மாதிரியை வெந்நீரில் கரைத்து முகர்ந்தபோது பெயின்ட் கடை வாசனை அடித்தது. சுண்ணாம்புக்கல்லை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துத்தான் இந்த உப்பைப் பலரும் செய்கிறார்கள். வேறொரு ரசாயன ஆலையில் மிஞ்சிய அமிலத்தை வாங்கிச் செய்தால் அந்த ஆலையின் அழுக்கும் கூடவே வரும். சாலைத் தூசு அடக்கவும் குளிர்ச்சித் தொட்டிக்கும் அது போதும். சாப்பிடும் பொருளுக்குப் போதாது. நான் அதைத் திருப்பி அனுப்பினேன். அவர் இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறார்.

பின்னலாடை ஏற்றுமதி, திருப்பூர்

கன்டெய்னருக்குள் தொங்கவிடும் ஈர உறிஞ்சிப் பைகளில் இருப்பதும் இதுதான். கடல் வழியே போகும்போது இரவுக் குளிரில் கன்டெய்னர் கூரையில் நீர் கோத்து அட்டைப்பெட்டிமேல் சொட்டும், அதைத் தடுக்கத்தான். சிலிக்கா ஜெல்லைவிடப் பல மடங்கு ஈரத்தைக் குடிக்கிறது. ஆனால் குடித்த தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். உள்ளே ஸ்டார்ச் கலந்து கூழாக மாறும் பையை மட்டும் வாங்குங்கள். விலை குறைந்த பை ஒன்று ஓட்டையாகிப் பெட்டிமேல் ஒழுகியது. அந்தக் கறை காயவே காயாது. வெயிலில் வைத்தாலும் மாலைக்குள் காற்றிலிருந்து மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். துணியில் பட்டதைச் சுத்தமான தண்ணீரில் அலசிய பிறகே விட்டது.

கட்டடப் பொறியாளர், மதுரை

ஒரே வரி: கான்கிரீட் சீக்கிரம் இறுகும் என்று கம்பி கட்டிய வேலையில் இதைப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். குளோரைடு கம்பியை அரிக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456, கம்பியுள்ள கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோ குளோரைடுதான் அனுமதிக்கிறது. அதில் மணலிலும் தண்ணீரிலும் வருவதும் அடக்கம்.

வேதியியல் ஆசிரியர், கும்பகோணம்

ஆய்வகத்துக்கு வாங்குகிறவர்களுக்கு: அம்மோனியாவையும் ஆல்கஹாலையும் இதைக் கொண்டு உலர்த்த முடியாது. இரண்டோடும் இது சேர்ந்துகொள்ளும். அம்மோனியாவுக்குச் சுட்ட சுண்ணாம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

வியாபாரி ஐயாவுக்கு ஒரு கேள்வி. சான்றிதழ் இல்லாமல் வரும் மூட்டையைக் கடையிலேயே எப்படிச் சோதிப்பது?

ரசாயன மொத்த வியாபாரி, சென்னை

ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் போட்டுக் கலக்கி, வெப்பமானியில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். 94 சதவீதக் குருணை 77 சதவீதச் செதிலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சூட்டைக் காட்டும். ஈரம் குடித்துக் கெட்ட சரக்கு மெல்லத்தான் சுடும். சில நேரம் சுடவே சுடாது. ஆய்வகச் சோதனைக்கு இது ஈடாகாது, ஆனால் லாரியை இறக்கச் சொல்லலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போதும்.